நான்காம் எண் மேஜை

மேஜையில் இருக்கும் டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது அதைக் கையில் எடுக்கக் கூடாது, மேடம். டம்ளர் இருக்கிற இடத்திலேயே இருக்கும். நாம்தான் வலது பக்கமாக நின்று, லேசாகக் குனிந்து ஊற்ற வேண்டும். முக்கால் அளவு போதும். உங்கள் மேஜையில் அந்த டம்ளரைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. இரண்டு வருடம் அதையே படித்ததால் கண் தானாக அங்கே போகிறது.

எதற்காகச் செய்தாய் என்று கேட்டீர்கள். வாயைத் திறக்காதே என்று வக்கீல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். போலீஸிடம் சொல்வது கோர்ட்டில் நிற்காதாம். நின்றாலும் நிற்காவிட்டாலும், எதையும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு மனம் அடங்கும்.

எங்கள் ஊர் திருப்பனந்தாளுக்கு வடக்கே, கொள்ளிடத்தை ஒட்டியது. அப்பா வீரையனுக்குப் பதினெட்டு ஏக்கர் நஞ்சை. அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறான். ஆற்றங்கரையில் எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. கோயில் பார்க்க வருகிறவர்கள் தங்குகிற மாதிரி அதில் ஒரு ரிசார்ட் கட்டலாம் என்பது அண்ணனுடைய யோசனை. நான் பி.காம். முடித்துவிட்டு இரண்டு வருடம் சும்மா இருந்தேன். தஞ்சாவூரில் ஓட்டல் மேலாண்மை முதுகலைக்கு எந்த டிகிரி இருந்தாலும் சேரலாம் என்றார்கள். "முதலாளியா உக்காரப் போறவனுக்கு அடுப்படியிலேர்ந்து தெரிஞ்சிருக்கணும்டா" என்று சொல்லி அப்பாதான் சேர்த்துவிட்டார்.

வகுப்பில் பதினான்கு பேர். அதில் ஒருவன் பகலவன். அவனும் எங்கள் ஊர்தான், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அவன் அப்பா இராஜாங்கம் எங்கள் வயலில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். இப்போது மூன்று ஏக்கர் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தனியாகச் செய்கிறார். பகலவன் கேட்டரிங் படித்துவிட்டு வேளாங்கண்ணியில் ஒரு விடுதியில் மூன்று வருடம் வரவேற்பில் இருந்தவன். மலையாளம் பேசுவான், கோவாவிலிருந்து வருகிறவர்களிடம் கொங்கணியில்கூட நாலு வார்த்தை பேசுவான். ஒரு குடும்பம் வேனிலிருந்து இறங்கும்போதே யாருக்கு முட்டி வலி, யாருக்கு மாடி அறை கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிடுவானாம். தொழில் தெரிந்தவன். அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை.

அவனை வகுப்பில் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஊர்க்காரன் ஒருவன் இருந்தால் ஒத்தாசைதானே. சுதந்திர தினத்துக்கு மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தான். வண்டியை நிறுத்தி, "ஊருக்குத்தான போற, ஏறிக்க" என்றேன்.

"பரவால்ல ராஜ்குமார், நீ கெளம்பு. பஸ்ல போனா படிச்சுக்கிட்டே போவேன்" என்றான்.

அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வகுப்பில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆகஸ்ட் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை, மாலை நாலரை மணி.

செவ்வாய்க்கிழமைகளில் எங்களுக்குப் பரிமாறும் பயிற்சி. கல்லூரிக்குள்ளேயே பத்து மேஜை போட்ட ஒரு சின்ன உணவகம் இருக்கிறது. ஒரு வாரம் பாதிப் பேர் விருந்தினராக உட்காருவார்கள், மீதிப் பேர் பரிமாறுவார்கள். அடுத்த வாரம் மாறிக்கொள்வோம். விருந்தினராக இருப்பவர் வேண்டுமென்றே ஒரு குறை சொல்ல வேண்டும், பரிமாறுகிறவர் வருத்தம் தெரிவிக்க வேண்டும். அதுவும் பாடம்தான். ஹபீப் முகம்மது சார் பக்கத்தில் நின்று மதிப்பெண் போடுவார்.

"சூப் ஆறிப்போயிருக்கு" என்றான் பகலவன்.

"மன்னிக்கணும் சார். வேற கொண்டு வர்றேன்" என்றேன்.

"வாய் சொல்லுது, மூஞ்சி சொல்லலையே ராஜ்குமார். இன்னொரு தடவ" என்றார் ஹபீப் சார்.

மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சார் தலையாட்டினார். சூப் சூடாகத்தான் இருந்தது, கிண்ணத்தைப் பிடித்திருந்த விரலுக்குத் தெரியாதா. வெளியே வந்ததும் பகலவன் என் தோளைத் தட்டி, "தப்பா எடுத்துக்காதப்பா, பயிற்சிதான்" என்றான். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று அறைக்குப் போய் அந்தச் சட்டையை மட்டும் துவைத்துப் போட்டேன்.

அடுத்த வாரம் அவன் முறை. நான் குறை சொன்னேன். தண்ணீரில் தூசி, கரண்டியில் கறை, நாற்காலி ஆடுகிறது என்று ஒன்றுக்கு நாலாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவன் வருத்தம் தெரிவித்த அழகைப் பார்த்து சார் வகுப்பையே கைதட்டச் சொன்னார். இடுப்பு குனிந்தது, தலை குனிந்தது, குரல் குனிந்தது. அவனுக்குள் ஏதோ ஒன்று மட்டும் நிமிர்ந்தே இருந்தது. மற்றவர்கள் அதைப் பார்க்கவில்லை.

தை மாதம் பொங்கல் விருந்து வந்தது. முதலாண்டு மாணவர்கள் சமைத்துப் பெற்றோருக்குப் பரிமாற வேண்டும். யாருக்கு எந்த மேஜை என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். எனக்கு நான்காம் எண் வந்தது. நான்காம் எண்ணில் இராஜாங்கமும் அவர் மனைவி அம்சமும். அப்பாவும் அம்மாவும் ஆறாம் எண்ணில், இரண்டு மேஜை தள்ளி.

நான் தட்டோடு போனதும் இராஜாங்கம் எழுந்து நின்றுவிட்டார். பழக்கம்தான். புது வேட்டியின் மடிப்புகூடக் கலையவில்லை. ஹபீப் சார் வந்து அவர் தோளை மெல்ல அழுத்தி, "உக்காருங்க ஐயா. இன்னைக்கு நீங்கதான் கெஸ்ட்டு" என்றார். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நான் இடது பக்கமாக நின்று, குனிந்து, சர்க்கரைப் பொங்கல் வைத்தேன்.

"போதும் சின்னய்யா, போதும்" என்றார் இராஜாங்கம்.

அடுத்த மேஜையிலிருந்து பகலவன் திரும்பி, "அப்பா, நல்லா சாஞ்சு உக்காருங்க. கேட்டு வாங்கிச் சாப்புடுங்க" என்றான். இரைந்து சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். அவர் சாய்ந்து உட்கார்ந்தார். நான் குனிந்தபடியே இருந்தேன், கரண்டி என் கையில் இருந்தது.

நிமிர்ந்தபோது ஆறாம் எண் மேஜையில் அப்பா இல்லை. சாம்பார் ஊற்றிய சோறு பிசையப்படாமல் இருந்தது. அம்மா சாவித்திரி என்னைப் பார்க்காமல் கைப்பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

அப்பா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஊருக்குப் போனபோது நான் சாப்பிட உட்கார்ந்தால் அவர் எழுந்துவிடுவார், அவ்வளவுதான். மூன்றாவது நாள் அம்மாவிடம் சொன்னார், எனக்குக் கேட்கிற மாதிரி. "முதலாளியாக்கத்தான் அனுப்புனேன். எங்க குனிய வச்சுட்டானுவ பாரு."

அதற்கு ஒரு வாரம் கழித்து வாய்க்கால் கரையில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. யாரும் புகார் கொடுக்கவில்லை. தாளடிப் பயிருக்குக் கடைசித் தண்ணீர் போய்க்கொண்டிருந்த நேரம், காலை எட்டு மணி. இராஜாங்கம் அவர் முறைக்கு மதகைத் திறந்திருந்தார். அவருடைய முறைதான், அதைச் சொல்லிவிட வேண்டும். அப்பா, "வாடா" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பொங்கலுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"யாரக் கேட்டுத் தொறந்த?"

"நம்ம முறைங்கய்யா..."

"நம்ம முறையா?"

செருப்பைக் கழற்றி அடித்தார். இடது காதை ஒட்டி, ஒரே இடத்தில். ஆறேழு அடிக்குப் பிறகு காதிலிருந்து ரத்தம் வந்தது. வேட்டி அவிழ்ந்து சேற்றில் விழுந்தார். அப்பா அவர் பிடரியில் காலை வைத்து அழுத்தினார். முகம் தண்ணீருக்குள் போய்க் குமிழி குமிழியாக வந்தது. கரையில் புல்லுக்கட்டோடு நின்ற இரண்டு பெண்கள் திரும்பிக்கொண்டார்கள். நான், "போதும்ப்பா" என்றேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் போதும் என்றேன். அப்பாவின் செருப்பு வாய்க்காலில் மிதந்து போனது. இறங்கி எடுத்து, சேற்றை அலசி, அவர் காலில் மாட்டிவிட்டேன்.

இராஜாங்கத்துக்கு இப்போது அந்தக் காது கேட்காது.

திங்கட்கிழமை பகலவன் வழக்கம்போல வகுப்புக்கு வந்தான். மதியம் மெஸ்ஸில் என் எதிரே தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"கேஸ் கீஸுன்னு போகல ராஜ்குமார். அப்பா வேணாங்கறாரு. அந்த ஊர்லதான பொழைக்கணும். உங்கப்பாவ ஒரு தடவ எங்க வீட்டுக்கு வந்து வருத்தம் தெரிவிக்கச் சொல்லு. ஊர் முன்னாடியெல்லாம் வேணாம். வீட்டுக்கு வந்து சொன்னா போதும்."

"கேட்டுப் பாக்குறேன்" என்றேன்.

யோசித்துப் பாருங்கள். எங்கள் அப்பா வாய்க்காலைத் தாண்டி, அந்தத் தெருவுக்குள் நடந்துபோய், அந்த வீட்டில் நின்று. கேட்டவன் அதை ரொம்பச் சின்ன விஷயம் போலக் கேட்டான், மோர் ஊற்று என்று கேட்பதுபோல.

வியாழக்கிழமை சமையல் பயிற்சி இருந்தது. பொரிக்கிற சட்டிக்கு நீளமான கைப்பிடி. கைப்பிடி அடுப்புக்கு உள்பக்கமாகத் திரும்பியிருக்க வேண்டும் என்பது விதி, முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அன்று வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. தீயைக் குறைக்க பகலவன் குனிந்தபோது என் இடுப்பு அதில் பட்டுவிட்டது. கல்லூரி விசாரணையில் அப்படித்தான் சொன்னேன். உங்களிடம் சரியாகச் சொல்கிறேன். நான்தான் திருப்பினேன், நான்தான் இடித்தேன். எண்ணெய் முகத்தில் படும் என்று நினைத்தேன். அவன் கையைத் தூக்கிவிட்டான்.

இடது கை, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை. சட்டையைக் கிழித்தபோது தோலும் கூடவே உரிந்து வந்தது. ஒரு தடவைதான் கத்தினான். குழாயடிக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் என் வண்டியிலேயே உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். என் முதுகில் சாய்ந்துகொண்டு நடுங்கிக்கொண்டே வந்தான். முதலும் கடைசியுமாக அன்றைக்குத்தான் என் வண்டியில் ஏறினான்.

ஒரு மாதம் கழித்து, உடல்நலம் விசாரிக்க வேண்டும் என்று அவன் வீட்டுக்குப் போனேன். அம்சம் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டு, முந்தானையால் துடைத்தார். "நீங்க மட்டும் அன்னைக்குக் கூட்டிட்டுப் போவலன்னா எம்புள்ள கையே போயிருக்கும் தம்பி. நல்லா இருக்கணும் நீங்க" என்று கும்பிட்டார். கண்ணெல்லாம் தண்ணீர். உள்ளே கட்டிலில் பகலவன் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. நான் அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். மறுத்தால் அந்த அம்மாள் மனம் புண்பட்டிருக்கும்.

அந்த வாரக் கடைசியில் நான் சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா எழுந்துபோகவில்லை. அவர் தட்டிலிருந்த வஞ்சிரத் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார்.

இதற்குப் பிறகு படிப்பில் எனக்கு மனம் ஓடவில்லை. வருகைப் பதிவு குறைந்து ஒரு பருவம் பின்தங்கினேன். பகலவன் ஒற்றைக் கையால் எழுதி, ஒற்றைக் கையால் தட்டுத் தூக்கி, முதலாவதாகத் தேறினான். வேளாங்கண்ணி விடுதிகளில் விருந்தினர் சொல்லும் குறைகளைப் பற்றி அவன் எழுதிய ஆய்வுக்குப் பரிசும் கொடுத்தார்கள். மே மாதம் திருவையாற்றுக்கு மேற்கே காவிரிக் கரையில் இருக்கிற அந்த ரிசார்ட்டில் அசிஸ்டன்ட் மேனேஜராக எடுத்துக்கொண்டார்கள். ஆகஸ்டில் எனக்குக் கடைசிப் பருவப் பயிற்சி, மூன்று மாதம். கல்லூரி என்னை அதே ரிசார்ட்டுக்குப் போட்டது. நான் கேட்டு வாங்கவில்லை.

அவன் என்னைப் பழிவாங்கினான் என்று நான் சொன்னால் அது பொய். முதல் வாரம் எச்சில் தட்டு கழுவும் இடத்தில் போட்டான். எல்லாப் பயிற்சியாளருக்கும் முதல் வாரம் அதுதான், அவனும் அதைச் செய்தவன். மீன் முள்ளையும் கடித்துப்போட்ட எலும்பையும் வழித்துத் தொட்டியில் போடுகிறபோது, கருப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு அவன் அந்தப் பக்கமாகப் போவான். "கையுறை போட்டுக்க ராஜ்குமார், கை புண்ணாயிரும்" என்பான். ஒரு நாள் எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவன் அறையிலிருந்து கஷாயம் போட்டு அனுப்பினான். அதை நான் ரோஜாச் செடிக்கு ஊற்றினேன். நான் பகலவனுக்குக் கீழே வேலை பார்ப்பதை ஊரில் யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். மறுபடியும் அவர் நான் உட்கார்ந்தால் எழுந்துகொள்ள ஆரம்பித்தார்.

இப்போது நேற்றைக்கு வருகிறேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருப்பதால் அறையெல்லாம் நிறைந்திருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு சமையல்காரர்கள் படுக்கப் போய்விட்டார்கள். தலைமைச் சமையல்காரர் ரெத்தினம் அண்ணன் இரவுச் சமையலுக்கு இரண்டு ஆட்டுத்தொடைகளைக் கொடுத்து, எலும்பை எடுத்துவைக்கச் சொல்லியிருந்தார். குளிர் அறையை ஒட்டி ஒரு சின்ன அறை, கறி வெட்டுவதற்கென்றே உள்ளது. நான் மட்டும்தான் இருந்தேன். கையில் மெல்லிய கத்தி, எலும்பை ஒட்டிப் போகிற கத்தி. நான் அதைத் தேடி எடுக்கவில்லை, வேலைக்காக ஏற்கெனவே கையில் இருந்தது.

பகலவன் ஒரு காகிதத்தோடு வந்தான். என் பயிற்சி மதிப்பீட்டுப் படிவம்.

"நாளையோட முடியுது இல்ல. இந்தா. தொண்ணூத்திரெண்டு போட்டிருக்கேன்."

"எதுக்கு அவ்வளவு?"

"நல்லாதான செஞ்ச. மூணு மாசத்துல ஒரு கெஸ்ட்டு உன்மேல குறை சொல்லல."

நன்றி சொன்னேன். கை ஈரமாக இருந்ததால் படிவத்தை என் சட்டைப் பையில் அவனே மடித்து வைத்தான். கதவு வரை போனவன் திரும்பி நின்றான்.

"ஒண்ணு சொல்லிர்றேன் ராஜ்குமார். ரெண்டு வருஷமா நெஞ்சுல கெடக்கு. அன்னைக்கு சட்டியோட கைப்பிடியத் திருப்புனது நீதான். எதிர்ல ஸ்டீல் அலமாரியில தெரிஞ்சுது. பாத்தேன்."

நான் தொடையைத் திருப்பிப் போட்டேன்.

"ஹபீப் சாரும் சந்தேகப்பட்டுக் கேட்டாரு. இல்ல சார், தானாப் பட்டுச்சுன்னுட்டேன். உண்மையச் சொல்லியிருந்தா உன் படிப்பு போயிருக்கும். வீட்டுல அப்பாதான் சொன்னாரு, புள்ளையாண்டான் தெரியாத்தனமா செஞ்சுட்டான், விட்டுருடான்னு. விட்டுட்டேன். உன்மேல எனக்குக் கோவம் இல்ல. மன்னிச்சுட்டேன். அத ஒங்கிட்ட நேர்ல சொல்லணும்னு இருந்துச்சு, அதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். பாரம் இறங்கியவன் சிரிக்கிற சிரிப்பு.

மேடம், அவன் திட்டியிருந்தால் நான் திட்டியிருப்பேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன் என்றே நினைக்கிறேன். மன்னித்துவிட்டேன் என்றான். யாரை யார் மன்னிப்பது என்று ஒன்று இருக்கிறது அல்லவா. காது போன அந்த மனிதர் பாயில் உட்கார்ந்துகொண்டு என் பெயரைச் சொல்லி, விட்டுருடா என்று சொல்லியிருக்கிறார். என் படிப்பு இராஜாங்கம் போட்ட பிச்சை. அந்த இரண்டு வருடமும் நான் அவர்களுடைய தயவில் நடமாடியிருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

பயிற்சியில் சொல்வார்கள், பலம் போடாதே, கத்தியே வழி கண்டுபிடித்துக்கொள்ளும் என்று. அப்படி இல்லை. பலம் வேண்டியிருந்தது. முதல் குத்து விலாவுக்குக் கீழே. அவன் என்ன நடந்தது என்று புரியாமல் என் கையைத்தான் பார்த்தான். இரண்டாவதுக்கு அந்தத் தீய்ந்த கையைத் தூக்கித் தடுத்தான். உள்ளங்கை பிளந்தது. கோட்டைப் பிடித்து இழுத்துச் சுவரோடு வைத்து மறுபடி குத்தினேன். தரை வழுக்கியது. இருவரும் விழுந்தோம், நான் மேலே இருந்தேன். பதினொரு இடம் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். நான் எண்ணவில்லை. பதினொன்றாகவே இருக்கட்டும்.

பிறகு எழுந்து, மூச்சு வாங்கிக்கொண்டேன். அவன் குளிர் அறைக் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கண் திறந்திருந்தது. வாயில் ரத்தம் வந்தாலும் பேச்சு இருந்தது. நான் எதிரே குந்தினேன். போனை எடுத்து அவனுக்குத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன்.

"சின்னய்யான்னு ஒரு தடவ கூப்புடு. ஆம்புலன்ஸுக்கு அடிக்கிறேன்" என்றேன்.

உண்மையாகவே அடித்திருப்பேன். ஒரே ஒரு வார்த்தை. அவன் அப்பா ஒரு நாளைக்கு நூறு தடவை சொன்ன வார்த்தை. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ கணக்குப் புரியாத பையனைப் பார்க்கிற மாதிரி.

"போன் பண்ணு, ராஜ்குமார்" என்றான்.

இன்னொரு தடவை கேட்டேன்.

"ராஜ்குமார்" என்றான். அதற்குமேல் பேசவில்லை.

காலைப் பிடித்துக் குளிர் அறைக்குள் இழுத்து, மீன் பெட்டிகளுக்குப் பின்னால் விட்டுக் கதவைச் சாத்தினேன். அந்தக் கதவை உள்ளிருந்தும் திறக்கலாம். நான் பூட்டவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். தரையைச் சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். பலகையையும் கத்தியையும் மருந்துத் தண்ணீரில் போட்டு எடுத்தேன். மீதி இருந்த தொடையின் எலும்பை எடுத்து முடித்து, கறியை மூடிவைத்தேன். உடை மாற்றிக்கொண்டபோது படிவத்தை மட்டும் மறக்காமல் புதுச் சட்டைக்கு மாற்றினேன். நாலு மணிக்கு வராந்தாவில் காபி நேரம். சீர்காழியிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது, பதினாறு பேர், அறுபதாம் கல்யாணம் முடித்துவிட்டு. ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. வாழைக்காய் பஜ்ஜியும் காபியும் கொடுத்தேன். ஒரு பெரியவருக்குச் சர்க்கரை இல்லாமல், ஒரு குழந்தைக்குப் பால் மட்டும்.

அவனுக்கு நாற்பது நிமிடம் வரை உயிர் இருந்திருக்கும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அந்த நாற்பது நிமிடமும் நான் தரையைத் தேய்த்துக்கொண்டும் வராந்தாவில் காபி கொடுத்துக்கொண்டும் இருந்தேன். அந்தக் குடும்பத்து அம்மாள் ஒருவர், விஜயலட்சுமி என்று பெயர், கருத்து எழுதும் அட்டையில் 'பறிமாறிய பையன் மிகவும் பணிவு' என்று எழுதிக் கொடுத்தார். தவறாகச் சொல்லவில்லை, அப்படித்தான் எழுதியிருந்தார், ஓர் எழுத்துப் பிழையோடு. ஐந்தரைக்கு மீன் எடுக்கப் போன ரெத்தினம் அண்ணன் போட்ட சத்தம் ஆற்றங்கரை வரை கேட்டது. நான் தட்டுகளை அடுக்கிவிட்டு, அங்கேயே நின்றேன். ஓடவில்லை.

இன்று காலை அப்பா வந்தார். வக்கீலை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். வேட்டி சட்டை வெளுப்பாக, மீசையை முறுக்கியிருந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "சாப்டியாடா?" என்று கேட்டார். பொங்கல் விருந்துக்குப் பிறகு அவர் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை.

ஆகவே, கொன்றது நான்தான். யாரும் தூண்டவில்லை, குடித்திருக்கவில்லை, புத்தி தெளிவாகத்தான் இருந்தது. எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஒன்றே ஒன்றில்தான் எனக்கு மறுப்பு. அவன் தங்கை செம்மொழி பிணவறை வாசலில் உட்கார்ந்துகொண்டு, அந்தச் சட்டத்தில் வழக்குப் போட்டால்தான் உடலை வாங்குவோம் என்று சொல்வதாகக் கேள்விப்பட்டேன். வன்கொடுமைச் சட்டம். துக்கத்தில் இருக்கிற பெண், சொல்லட்டும். ஆனால் நீங்கள் படித்தவர், விசாரித்து எழுதுங்கள். அது எனக்குப் பொருந்தாது. நான் அவனோடு ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டவன். அவன் வீட்டு வாசல் வரை போனவன். அந்த மாதிரி எண்ணம் எங்கள் தலைமுறையில் யாருக்கும் கிடையாது.

இன்று மதியம் உங்கள் காவலர் ஒருவர், எனக்கு வாங்கிய பொட்டலம் ஊசிப்போயிருக்கிறது என்று, அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டில் பாதியை எனக்கு எடுத்துவைத்தார். கத்தரிக்காய் சாம்பார், கருவாடு. நல்ல மனிதர். நீங்கள் எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்று பேச்சுக்குக் கேட்டேன். அவரும் சொன்னார். அது இன்னும் அப்படியே இருக்கிறது மேடம், யாரையாவது விட்டு எடுத்துப்போகச் சொல்லுங்கள். எனக்கு என்னவோ பசியே இல்லை.